ஒரு சுருக்குப்பை, ஒரு கைப்பிடி பயறு

சமைக்கப் பழக வேண்டும், கையால் ஏதாவது செய்யவும் பழக வேண்டும் என்று ஒரே சமயத்தில் ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் தனித்தனியாகத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டுமே பாதியில் நின்றுவிடுகின்றன. ஆசையாகச் செய்த கைவினைப் பொருள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். சமையலோ, பத்துப் பொருள் வாங்க வேண்டிய குறிப்பு ஒன்றோடு முடிந்துபோகும். அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதன்முதலாகத் தைக்கிற பொருள் நேராகச் சமையலறைக்குப் போகட்டும். தினமும் கையில் எடுக்கிற பொருளாக இருந்தால், தையலும் மறக்காது, சமையலும் தானாக நடக்கும்.

அப்படிப்பட்ட பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது பருத்திச் சுருக்குப்பை. தையல் இயந்திரம் வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒரு மாலைப் பொழுது போதும். தைத்து முடித்ததும் அதிலேயே பயறு முளைகட்டலாம், தயிர் வடிக்கலாம். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், பெரிய சமையல் எதுவும் தெரியாமலே சத்தான சாப்பாட்டை மேசையில் வைக்க முடியும்.

துணி தேர்ந்தெடுப்பது

முழுப் பருத்தித் துணியாக இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணி தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சாது. பயறைச் சுற்றி ஈரம் ஒரே சீராக நிற்காது. மெல்லிய மல் துணி மிகவும் நல்லது. வீட்டில் பல முறை துவைத்து மெலிந்துபோன பருத்தித் தலையணை உறை இருந்தால் அது இன்னும் நல்லது. பழைய துணியில் கஞ்சி இருக்காது, சுருங்க வேண்டிய அளவுக்கு முன்பே சுருங்கியிருக்கும், ஊசியும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

நெசவு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் இருக்கும் கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் சரியான துணி. கையின் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தால் தயிர் அதன் வழியே ஒழுகிவிடும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் தண்ணீர் வடிய அரை நாள் ஆகும்.

புதுத் துணி வாங்கினால், வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒரு முறை துவைத்துக் காய வையுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் துணி ஒரு பக்கமும் தையல் நூல் ஒரு பக்கமும் இழுத்து, ஓரங்கள் அலை அலையாக நிற்கும். சாயத் துணி வேண்டாம். இந்தப் பையை அடிக்கடி கொதிக்க வைக்கப் போகிறோம். சாயம் உணவில் இறங்கும்.

வெட்டுவது

23 செ.மீ. அகலம், 64 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு வேண்டும். இதை நடுவில் மடித்துப் பக்கங்களைத் தைத்தால், ஏறத்தாழ 20 செ.மீ. அகலமும் 28 செ.மீ. உயரமும் உள்ள பை கிடைக்கும். அடிப்பக்கம் மடிப்பாகவே இருப்பதால் அங்கே தையல் தேவையில்லை. பாரம் முழுவதும் அடியில்தான் இறங்கும் என்பதால் இது பெரிய நன்மை.

அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வெட்டலாம். ஆனால் நேராக வெட்ட அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தில் துணி ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுங்கள். அங்கே துருத்தும் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் கிளப்பி, மெதுவாக உருவுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும். சுருக்கத்தை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இழுத்தால் இழை முழுதாக வந்துவிடும். அது இருந்த இடத்தில், துணிக்குக் குறுக்கே ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டுங்கள். நெசவோடு ஒட்டி வெட்டிய துணி தைக்கும்போது கோணாது, தொங்கவிடும்போது ஒரு பக்கமாகத் திருகாது. நடுவில் இழை அறுந்தால் பரவாயில்லை, அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு அடுத்த முனையைப் பிடித்துக்கொள்ளலாம்.

முடிந்தால் இப்போதே இரண்டு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பயறுக்கு, ஒன்று தயிருக்கு. ஒரே பையை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லதில்லை.

தைப்பது

நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அதாவது ஒரு முழம் அளவுக்கு மட்டும் எடுங்கள். புதிதாகத் தைக்கிறவர்கள் ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுப்பார்கள். பாதியில் சிக்கு விழுந்து அதை எடுக்கவே நேரம் போய்விடும். ஒற்றை நூல் போதும், முனையில் முடிச்சு.

தெரிந்திருக்க வேண்டிய தையல்கள் இரண்டுதான். ஊசி துணிக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கி முன்னே போவது ஓட்டுத் தையல். ஒரு தையல் முன்னே போய், அரைத் தையல் பின்னே வந்து, மறுபடி முன்னே போவது கெட்டித் தையல். மடிப்புகளுக்கு ஓட்டுத் தையல், பாரம் தாங்கும் பக்கங்களுக்குக் கெட்டித் தையல். ஒவ்வொரு தையலும் 3 மி.மீ. அளவில் இருந்தால் நன்று. அரிசி மணியின் பாதி என்று கண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, நாடா கோர்க்க வழி செய்வது. துணியின் குறுகிய ஓரங்கள் இரண்டும்தான் பையின் வாய் ஆகப்போகின்றன. ஒவ்வொரு குறுகிய ஓரத்திலிருந்தும் 6 செ.மீ. கீழே, இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. ஆழத்துக்கு உள்நோக்கி ஒரு வெட்டுக் கொடுங்கள். மொத்தம் நான்கு வெட்டுகள். வெட்டுக்கு மேலே இருக்கும் பக்க ஓரத்தை முதலில் அரை செ.மீ., அப்புறம் 1 செ.மீ. என இரண்டு முறை துணியின் உள்பக்கமாக மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். இப்படி நான்கு மூலைகளையும் முடித்த பிறகு, வாய் ஓரத்தை முதலில் 1 செ.மீ., பிறகு 2.5 செ.மீ. அதே உள்பக்கமாக மடியுங்கள். மடிப்பின் அடி ஓரம் சரியாக அந்த வெட்டுகளின் உயரத்துக்கே வந்து உட்காரும். ஓரத்தை ஒட்டித் தைத்துவிட்டால், இரண்டு முனையும் திறந்த ஒரு குழாய் போன்ற மடிப்பு கிடைக்கும். எதிர்ப்பக்க வாய்க்கும் இதே வேலை.

அடுத்தது பக்கங்கள். இந்தப் பையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நான் முதலில் தைத்த பையில் பக்கங்களைச் சாதாரணமாகத் தைத்து, பையைத் திருப்பிப்போட்டு, முடிந்தது என்று வைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. தயிரை வடித்துக் கிண்ணத்தில் கொட்டியபோது அதில் வெள்ளை இழைகள் மயிர் போல ஒட்டியிருந்தன. உள்ளே மறைந்திருந்த வெட்டு ஓரம் பிரிந்து, இழை இழையாகத் தயிரில் கலந்திருந்தது. அன்றைக்கு அதைக் கொட்ட வேண்டியதாகிவிட்டது.

வெட்டு ஓரமே வெளியே தெரியாதபடி தைக்கும் முறைக்குப் பிரெஞ்சு தையல் என்று பெயர். செய்வது இப்படி. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நடுவில் மடியுங்கள். இரண்டு வாய்களும் ஒன்றோடொன்று சேர வேண்டும். சாதாரணத் தையலில் நல்ல பக்கம் உள்ளே போகும். இங்கே முதலில் தலைகீழாகத் தொடங்குகிறோம், குழம்ப வேண்டாம். நாடா மடிப்புக்குக் கீழேயிருந்து அடி மடிப்பு வரை, ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளி ஓட்டுத் தையல் போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது தையலுக்கு வெளியே இருக்கும் துணியை 3 மி.மீ. மட்டும் விட்டுக் கத்தரித்துவிடுங்கள். துருத்தும் இழைகளையும் ஒன்றுவிடாமல் வெட்டுங்கள். இங்கே விட்ட இழை கடைசியில் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இனி பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். பென்சிலின் மழுங்கிய முனையால் மூலைகளை நன்றாகக் குத்தித் தள்ளி, தைத்த ஓரத்தை நகத்தால் அழுத்தி நேராக்குங்கள். கத்தரித்த ஓரம் இப்போது இரண்டு துணிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி, இந்த முறை கெட்டித் தையல் போட்டுக்கொண்டே போனால் அது உள்ளேயே சிறைப்பட்டுவிடும். நாடா மடிப்புக்குக் கீழே தையல் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரே இடத்தில் நான்கைந்து தையல் போட்டு இறுக்குங்கள். பையைச் சுருக்கும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான். முடித்ததும் பையைத் திருப்பினால் உள்ளேயும் வெளியேயும் ஒரு இழைகூடத் தெரியாது. முதல் முறை இதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்தத் தையலைக் கற்றுக்கொள்ளலாம்.

நாடா திரிப்பது

கடையில் விற்கும் பருத்தி நாடா போதும். ஆனால் கையாலேயே திரித்துக்கொள்வது அவ்வளவு சுலபம் என்பதால் ஒரு முறை முயன்று பாருங்கள். தடிமனான வெள்ளைப் பருத்தி நூலை 160 செ.மீ. நீளத்தில் நான்கு இழைகள் எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலோ கதவுப் பிடியிலோ கட்டுங்கள். மறுமுனையில் ஒரு பென்சிலைக் கட்டி, நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருங்கள். சற்றுத் தளர்த்தினால் தானாகவே சுருண்டு முறுக்கிக்கொள்ளும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். நடுவில் ஒரு விரலை வைத்து இரண்டாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து விரலை எடுத்தால், இரண்டு பாதியும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். ஒரு முறுக்கு பிரியப் பார்க்கும்போது மற்ற முறுக்கு அதை இறுக்குகிறது; அதனால்தான் கயிறு குலைவதில்லை. முனையில் முடிச்சுப் போட மறக்க வேண்டாம்.

60 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறுகள் வேண்டும். ஒன்றை ஊக்கில் மாட்டி, இடப்பக்கத் திறப்பில் நுழைத்து, முன்மடிப்பு வழியாக வலப்பக்கம் கொண்டுபோய், பின்மடிப்பு வழியாகத் திரும்ப இடப்பக்கமே வெளியே எடுத்து இரு முனைகளையும் முடியுங்கள். இரண்டாவது கயிறு வலப்பக்கம் தொடங்கி வலப்பக்கமே முடியட்டும். இரண்டையும் எதிரெதிரே இழுத்தால் பை வாய் மூடிக்கொள்ளும்.

புதுப்பையை உணவுக்குப் பயன்படுத்தும் முன் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். தண்ணீர் கலங்கினால் துணியில் கஞ்சி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை கொதிக்க விடலாம். வாசனை சேர்த்த சோப்புத்தூள் பக்கமே போக வேண்டாம். அந்த வாசனை துணியை விட்டு எளிதில் போகாது, தயிர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பயறு முளைகட்டுவது

தொடங்கப் பாசிப்பயறுதான் சரி. சீக்கிரம் முளைக்கும், அவ்வளவாக ஏமாற்றாது. முழுப்பயறாக இருக்க வேண்டும்; உடைத்த பருப்பு முளைக்காது, ஏனென்றால் உடைக்கும்போதே கரு சிதைந்துவிடுகிறது. விதைப்புக்கென்று விற்கும் விதைகளை எடுக்கவே கூடாது. அவற்றில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருக்கலாம். சாப்பாட்டுக்காக விற்கும் பயறையே வாங்குங்கள்.

100 கிராம் பயறை எடுத்து, கல், உடைசல், சுருங்கியவை எல்லாம் பொறுக்கிவிட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பயறைப் போல நான்கு மடங்கு தண்ணீர் ஊற்றி எட்டு மணி நேரம் ஊறட்டும். இரவு படுக்கப் போகும் முன் ஊறப்போட்டால் காலையில் தயார். எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கும். சில பயறுகள் மட்டும் ஊறாமல் கல்லைப்போல அப்படியே கிடக்கும். அவற்றை எடுத்துவிடுங்கள், வெந்த பிறகும் பல்லில் மாட்டும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி கழுவி, நனைத்துப் பிழிந்த பையில் பயறைப் போடுங்கள். வாயைச் சுருக்கிக் குழாயிலோ கொக்கியிலோ மாட்டி, கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். நேர் வெயில் படக் கூடாது. காற்று ஓட வேண்டும்.

ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது, மூடி இறுக்கமாக இருந்தது. இரண்டாம் நாள் திறந்தால் புளித்த வாடை. முளைக்கும் விதை சுவாசிக்கிறது. உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரிவளியையும் சூட்டையும் வெளியே விடுகிறது. முளைவிட்ட மறுநாள் பைக்குள் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே இதமான வெதுவெதுப்பு இருக்கும். அந்தச் சூடும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தொங்கும் பையில் நாலாபுறமும் காற்று போகிறது, மிஞ்சிய தண்ணீர் கீழே சொட்டிவிடுகிறது. இவ்வளவு நேரம் செலவழித்துப் பை தைத்ததற்குக் காரணமே இதுதான்.

காலை, மதியம், இரவு என ஒரு நாளைக்கு மூன்று முறை பையை அப்படியே சுத்தமான தண்ணீரில் முக்கி, இரண்டு மூன்று முறை அலசித் தூக்கி, சொட்ட விடுங்கள். பிழிய வேண்டாம், இளம் முளை முறிந்துவிடும். முக்கும் தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பையை லேசாகக் குலுக்கினால் அடியில் நெருங்கிக் கிடப்பவை இடம் மாறும். காற்று வறண்டிருக்கும் நாள்களில் வெளித்துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலைக்குள் பச்சைத் தோல் வெடித்து, வெள்ளை முனை ஒன்று எட்டிப் பார்க்கும். மறுநாள் காலை அது வளைந்த வாலாகியிருக்கும். நம் வேலைக்கு 1 செ.மீ. முளை போதும், ஒன்றரை நாளில் கிடைத்துவிடும். குளிர் என்றால் இரண்டு நாள். முளைகளின் மேல் மெல்லிய வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் உடனே பூஞ்சை என்று பயந்து கொட்டிவிட வேண்டாம். வேருக்கு மிக அருகில், எல்லா முளையிலும் ஒரே மாதிரி இருந்து, தண்ணீரில் அலசியதும் படிந்துவிட்டால் அது வேர்த்தூவி. அங்கங்கே திட்டாக, சாம்பல் நிறமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வாடையும் அடித்தால் அது பூஞ்சை. அப்போது மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கழுவிப் பார்க்கலாம், நல்லதைப் பொறுக்கலாம் என்று முயல வேண்டாம்.

கொண்டைக்கடலை பன்னிரண்டு மணி நேரம் ஊறி, இரண்டு மூன்று நாளில் முளைக்கும். முழு மைசூர்ப் பருப்பு பாசிப்பயறைப் போலவேதான்.

பச்சையாகச் சாப்பிடலாமா?

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்று பலர் சொல்லுவார்கள். ஆனால் பயறு முளைக்கத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் பெருகவும் தோதானவை. விதையிலேயே அவை ஒட்டியிருந்தால், நம் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. 2011-இல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை நோய்த்தொற்று வெந்தய முளைகளோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைச் சாப்பிடவே கூடாது. புதிதாகத் தொடங்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது, வேக வைத்தே சாப்பிடுங்கள்.

சிவப்பு ராஜ்மாவை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. சரியாக வேகாத சில விதைகளே கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதித்தால்தான் அது போகும்.

வேக வைத்தால் சத்துப் போய்விடுமே என்ற கவலை நியாயம்தான். உலர்ந்த பயறில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முளைக்கும்போதுதான் அது உண்டாகிறது. 100 கிராம் பாசிப்பயறு முளையில் ஏறத்தாழ 13 மி.கி. இருக்கும். சூட்டில் அதில் ஒரு பகுதி போகும் என்பது உண்மை. ஆனால் முளைகட்டுவதன் பலன் அது ஒன்றுதான் என்றில்லை. வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும், இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலமும் முளைக்கும்போது குறைகின்றன. அந்தப் பலன் வெந்த பிறகும் அப்படியே இருக்கும். போன வைட்டமினை இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையில் திரும்பப் பெறலாம்.

பத்து நிமிடச் சமையல்

வாயகன்ற சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய ஒரு வெங்காயம், நசுக்கிய இரண்டு பல் பூண்டு போட்டு, வெங்காயம் கண்ணாடி போல ஆகும் வரை வதக்குங்கள். ஒரு கேரட்டைத் துருவிச் சேருங்கள். இரண்டு கைப்பிடி முளைப்பயறு, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர். மூடி போட்டு மிதமான தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது ஆவி நன்றாகப் பறக்க வேண்டும். ஒரு பயறை எடுத்துக் கடித்தால் உள்வரை சூடாகவும், மெதுவாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். மிளகுத்தூள் தூவி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். முன்னாலேயே பிழிந்தால் வைட்டமினும் போகும், புளிப்பினால் பயறும் வேகத் தாமதமாகும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எலுமிச்சை, மிளகு, பூண்டு மூன்றும் சேர்ந்தால் குறைந்த உப்பிலேயே நாக்கு திருப்தியாகிவிடும்.

மீதி முளையை ஈரம் வடித்து, உலர்ந்த டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வழவழப்பு வந்தால் எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது பை: தயிர் வடிப்பது

இது பயறைவிட எளிது. அரை கிலோ கெட்டித் தயிரை, நனைத்துப் பிழிந்த பையில் ஊற்றி வாயைச் சுருக்குங்கள். நாடாவை ஒரு நீளமான கரண்டியில் கட்டி, கரண்டியை ஆழமான பாத்திரத்தின் வாயில் குறுக்கே வைத்தால் பை அடியைத் தொடாமல் தொங்கும். அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். வெளியே தொங்கவிட்டால் தயிர் புளித்துக்கொண்டே போகும்.

நான்கு மணி நேரத்தில் ரொட்டியில் தடவும் பதம், ஓர் இரவு முழுக்க வைத்தால் மென்மையான பாலாடைக்கட்டிப் பதம். அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். அவசரப்பட்டுப் பையைப் பிழிந்தால் தயிரே துணி வழியாக வந்துவிடும், பொறுமையாக இருங்கள்.

ஒரு வெள்ளரிக்காயைத் துருவி, சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கையால் இறுகப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிடுங்கள். வடித்த தயிர், நசுக்கிய ஒரு பல் பூண்டு, மிளகு சேர்த்துக் கலக்கினால் தொட்டுக்கொள்ள அருமையான பக்க உணவு. மேலே சொன்ன வதக்கிய பயறோடு ஒரு கரண்டி வைத்துப் பாருங்கள், சூடும் குளிர்ச்சியும் ஒரே வாயில்.

பாத்திரத்தில் வடிந்திருக்கும் இளம் பச்சை கலந்த மஞ்சள் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அந்த நிறத்தைத் தருவது ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2. மாவு பிசைய, சூப்பில் கடைசியாகச் சேர்க்க நன்றாக இருக்கும்.

பையைத் துவைப்பது

வேலை முடிந்த உடனே பையை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தயிர்ப் பையை எடுத்ததும் வெந்நீரில் போட்டால் பால் புரதம் துணியிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அலசிய பிறகு வாசனையில்லாத சோப்புப் போட்டுத் துவைத்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொறுமொறு என்று காய வையுங்கள். மூலைகளில்தான் ஈரம் தங்கும், விரலால் தொட்டுப் பாருங்கள். அரைகுறையாகக் காய்ந்த பையை மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். அப்படி விழுந்த பையைத் தரை துடைக்க ஒதுக்கிவிடலாம்.

நாளடைவில் நாடா மடிப்புக்குக் கீழே தையல் முதலில் விடும். ஒரு முழம் நூல், பத்துக் கெட்டித் தையல், சரியாகிவிடும். பயறை ஊறப்போட்டுவிட்டு அந்த நேரத்தில் உட்கார்ந்து தைத்தால், காலையில் பயறும் தயார், பையும் தயார்.